ஸ்கூட்டரிலிருந்து 350 சிசிக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன் அல்ல. இருபது வருடமாகப் பெரிய வண்டி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோவையில் ஒரு காலி மைதானத்தில், புதிதாக மாறுகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. கீழே உள்ளது அப்படி வந்த ஒருவரின் கதை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். இதில் என் தவறுகளும் இருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

2024 ஜூனில் தெரிந்தவர் மூலம் வந்தார். வயது 31, ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 157 செ.மீ., எடை 54 கிலோ. பன்னிரண்டு வருடமாக ஆக்டிவா ஓட்டுகிறார், ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை. கியர் வண்டியைத் தொட்டதே இல்லை. வீட்டில் அம்மாவும் தம்பியும். மாதம் ஒருமுறை அம்மாவைச் சர்க்கரை பரிசோதனைக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவது இவர்தான்.

ஆசை எப்போது வந்தது என்று கேட்டேன். முந்தைய வருடம் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வால்பாறை போயிருக்கிறார். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. "இருபதாவது வளைவு வரைக்கும் பயமா இருந்துச்சுங்ணா. அப்புறம், நான் எதுக்கு பின்னாடி உக்காந்திருக்கேன்னு தோணிருச்சு."

மனதில் இருந்த வண்டி ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. கையில் இருந்த தொகை, ஆக்டிவாவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வரும் பணத்தையும் சேர்த்து, சுமார் மூன்று லட்சம். மீதியைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். ஷோரூமுக்கும் ஒருமுறை போய் வந்திருந்தார். அங்கே இருந்தவர் பேசியதெல்லாம் கூடப் போன தம்பியிடம்தான். "மேடத்துக்கு வெயிட்டா இருக்கும் சார்" என்று சொல்லி, டெஸ்ட் ரைடையும் தம்பிக்கே கொடுத்துவிட்டார்களாம். அந்தக் கோபமும் கொஞ்சம் சேர்ந்துதான் 450 வேண்டும் என்ற பிடிவாதமாகியிருந்தது என்பது என் ஊகம். பின்னாளில் கேட்டபோது அவர் மறுக்கவில்லை.

உரிமத்தில் முதல் தடை

உரிமத்தை வாங்கிப் பார்த்தேன். கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்ற வகுப்பு மட்டும்தான் இருந்தது. கல்லூரிக் காலத்தில் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டு வாங்கியது. இது அவருக்கே தெரியாது, தம்பிக்கும் தெரியாது. ஸ்கூட்டரிலிருந்து மாறுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்த உரிமத்தோடு கியர் வண்டி ஓட்டினால் சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாமல் ஓட்டுவதுதான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஆகவே புது வகுப்பைச் சேர்க்க எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட்டார். எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். அந்தக் காத்திருப்பு எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. 'உரிமம் வரும்வரை எந்த வண்டிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்' என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகளில் முதலில் 125 சிசி, அப்புறம் 35 கிலோவாட் வரை, அதற்கும் அப்புறம்தான் எல்லா வண்டியும் என்று படிப்படியாக உரிமம் தருகிறார்கள். நம் ஊரில் பதினெட்டு வயதும் கியர் உரிமமும் இருந்தால் 100 சிசியும் ஒன்று, 1000 சிசியும் ஒன்று. படியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மைதானத்தில் கண்டது

என்னிடம் ஒரு பழைய யூனிகார்ன் 150 இருக்கிறது. எடை ஏறக்குறைய 145 கிலோ. ஆக்டிவாவைவிட நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். ஆறு ஞாயிறுகள் அதில்தான்.

கிளட்ச், கியர் எல்லாம் இரண்டாவது வாரத்திலேயே படிந்துவிட்டன. ஹாஃப் கிளட்சில் நடக்கும் வேகத்தில் வண்டியை உருட்டுவதில் அவர் என்னைவிடப் பொறுமைசாலி. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு திடீர் பிரேக் பயிற்சி. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். செங்கல் வைத்த இடத்தில் நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். முதல் தடவை கையைத் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. என்னைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் இருபதடி தள்ளி நின்றது. எஞ்சின் மட்டும் உறுமியது. என்ன ஆயிற்று என்று அவருக்கே புரியவில்லை. இரண்டாம் தடவை நான் அவர் கைகளை மட்டும் பார்த்தேன். இடது கை லீவரை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை சும்மா இருந்தது. வலது கால் அசையவே இல்லை.

ஆக்டிவாவில் இடது லீவர் பிரேக். அதுவும் கோம்பி பிரேக் இருக்கும் வண்டியில் இடதை மட்டும் பிடித்தாலே முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கைக்கு நிறுத்துவது என்றால் இடதுதான். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பயத்தில் அதை அழுத்தினால் எஞ்சின் சக்கரத்தை விட்டுவிடும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் 'எஞ்சின் பிரேக்'கும் போய்விடும், வண்டி முன்னைவிட இலகுவாக ஓடும். நிறுத்த நினைத்த கை அவிழ்த்துவிடுகிறது. அன்றைக்குப் பத்துத் தடவையில் ஏழு தடவை இடது கைதான் முந்தியது.

100 சிசி பைக்கிலிருந்து பெரிய வண்டிக்கு வருகிற பையன்களிடம் இதை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய சிக்கல் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்களின் சிக்கல் பிரேக்கில். 'புதியவர்' என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி ஆலோசனை சொல்வது தப்பு என்று எனக்கு உறைத்தது இந்தப் பயிற்சியில்தான்.

ஆறாவது வாரம் பத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. ஆகஸ்டில் ஆர்டிஓ மைதானத்தில் யூனிகார்னிலேயே எட்டுப் போட்டு உரிமம் வாங்கினார். பிரேக் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை, அது பின்னால் வருகிறது.

வண்டித் தேர்வு

முதலில் அவர் கால் உயரத்தை அளந்தோம். ஷூ போட்டுச் சுவரை ஒட்டி நின்று, தடியான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் மேலே ஒட்டப் பிடித்து, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப். 73 செ.மீ. வந்தது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு மூன்று வண்டிகளைப் பார்த்தோம்.

ஹிமாலயன் 450 அவர் ஆசைக்காக. 452 சிசி, 40 பிஎஸ் சக்தி, எரிபொருளோடு 196 கிலோ, சீட் உயரம் 825 மிமீ. இந்தத் தடவை வேறொரு ஷோரூமுக்குப் போனோம். நான் வாயே திறக்கவில்லை, அவரே பேசினார், அவரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு காலின் பெருவிரல் பகுதி மட்டும் தரையைத் தொட்டது. வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபக்கம் கால் மாற்றச் சொன்னேன். மாற்றும் அந்த நொடியில் இரண்டு காலும் அந்தரத்தில். 17 லிட்டர் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிற வண்டி அது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். இறங்கியதும் அவரே, "இது இப்போ வேண்டாங்ணா" என்றார். ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த வண்டி மிகவும் சாதுவானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சக்தி ஒரு காரணமே அல்ல. சொன்ன விலையும் உதவியது. அப்போது ஷோரூம் விலையே 2.85 லட்சத்தில் தொடங்கியது.

மற்ற இரண்டும் ஒரே 349 சிசி எஞ்சின் குடும்பம். மீட்டியார் 350: சீட் 765 மிமீ, எடை 191 கிலோ. ஹண்டர் 350: சீட் 800 மிமீ, எடை 181 கிலோ, நீளம் குறைவு. இரண்டிலும் சக்தி 20 பிஎச்பி சொச்சம், முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கிற எஞ்சின். கிளட்சை விடும்போது கொஞ்சம் தப்பினாலும் ஆஃப் ஆகாமல் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்கு அது பெரிய சலுகை.

ட்ரையம்ப் ஸ்பீட் 400-ஐயும் பார்த்திருக்கலாம். 176 கிலோ, 790 மிமீ என்று அளவெல்லாம் அவருக்குப் பொருந்துகிற வண்டி. ஆனால் 40 பிஎஸ். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பாயும். பிரேக் கையே இன்னும் நிலைபெறாதபோது வேண்டாம் என்று நான்தான் பட்டியலில் சேர்க்கவில்லை.

நான் மீட்டியாரைத்தான் சொன்னேன். காரணம் அந்த 765 என்ற எண். இரண்டு பாதமும் கிட்டத்தட்ட முழுதாகப் பதிந்தது. அவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹண்டர் என்றார். மூன்று காரணம் சொன்னார். மீட்டியாரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் யூ டர்னில் இடுப்பால் வண்டியைப் பிடிக்க முடியவில்லை. பத்து கிலோ குறைவு என்பது தள்ளும்போது கைக்குத் தெரிகிறது. மூன்றாவது, பணம். ஆக்டிவாவை விற்கப் போவதில்லை என்று இதற்குள் முடிவு செய்திருந்தார். அம்மா சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். மூன்று பெரிய வண்டியிலும் உட்கார வைத்துப் பார்த்ததில் எதிலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "எனக்கு அந்தச் சின்ன வண்டியே போதும் கண்ணு" என்று விட்டார். எக்ஸ்சேஞ்ச் பணம் இல்லையென்றால் பட்ஜெட் சுருங்கும். ஹண்டர் என்றால் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் கடன் இல்லாமல் அடங்கும்.

அந்த மூன்றாவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஐநூறு ரூபாய் ஹெல்மெட்டோடு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

ஹண்டரில் இரண்டு வகை இருந்தது. விலை குறைந்ததில் பின்னால் டிரம் பிரேக், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). கூடியதில் இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். கூடியதுதான் வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புதியவர் பயந்தால் பின் பிரேக்கை மிதித்து ஏறி நிற்பார், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆட்டும்.

(இன்றைக்கு முடிவெடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. நாங்கள் கால் உயரத்தை அளந்து முடிவெடுத்ததை இப்போது பலருக்கு வரியே முடிவு செய்துவிடும். காப்பீட்டிலும் 350 சிசி ஒரு எல்லைக்கோடு; அதைத் தாண்டினால் புது வண்டிக்கான ஐந்தாண்டு மூன்றாம் நபர் பிரீமியம் இரண்டு மடங்காகும்.)

நான்காம் நாள் காலை

2024 அக்டோபர் 10, ஆயுத பூஜைக்கு முதல் நாள், வண்டி வந்தது. மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. 13-ஆம் தேதி ஞாயிறு. புது வண்டியோடு மைதானத்துக்கு ஆறரைக்கு வருவதாகப் பேச்சு. ஏழு மணிக்குப் போன் வந்தது. "அண்ணா, வண்டி விழுந்துருச்சுங்ணா. இன்னும் கேட்டையே தாண்டல."

போய்ப் பார்த்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங். இவருடைய இடம் சுவரை ஒட்டி. தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சுவர்ப் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு டென்னிஸ் பந்தை வைத்தால் தானாக ஓடிச் சுவரில் முட்டும். பன்னிரண்டு வருடமாக ஆக்டிவாவை அதில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தி, காலையில் பின்னால் இழுத்து எடுத்திருக்கிறார். நூற்றைந்து, நூற்றுப் பத்து கிலோ வண்டியை அப்படி இழுத்துவிடலாம். 181 கிலோவை ஏற்றத்தில் பின்னால் இழுக்க முடியாது.

இடது பக்கம் நின்று இழுத்திருக்கிறார். முக்கால்வாசி வந்துவிட்டது. மூச்சு வாங்க ஒரு நொடி தளர்த்தியதும் வண்டி திரும்ப முன்னால் உருண்டது. ஹேண்டில்பார் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். திரும்பிய முன்சக்கரம் சட்டென்று நின்றால் எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும். வண்டி அவரிடமிருந்து விலகி வலது பக்கம் போனது. விடாமல் பிடித்திருக்கிறார், அதனால் இவரும் சேர்ந்து போனார். பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. வலது கண்ணாடி போயிற்று, பிரேக் லீவர் வளைந்தது, ஸ்கூட்டரின் பக்கவாட்டு பேனலில் விரிசல். இவருக்கு மணிக்கட்டில் பிசகு. டயருக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் இன்னும் அங்கேயே கிடந்தது.

பெரியவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, அன்பாகப் பேசினார். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" தம்பி, தினமும் காலையில் தானே வெளியே எடுத்துத் தருவதாகச் சொன்னான். அந்த இரண்டாவதுதான் அவரை அதிகம் வருத்தியது. அன்று மாலை விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்டார்.

ஒன்றரை மாதம் கால் உயரம், சீட் உயரம் என்று அளந்துகொண்டிருந்த நான், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விழுந்ததற்கும் சீட் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வண்டி மேலேயே இல்லை. நான் சொன்ன மீட்டியாரை வாங்கியிருந்தால் இன்னும் பத்து கிலோ கூடுதலாகத்தான் விழுந்திருக்கும்.

மாற்றுவழி எளிதாக இருந்தது. மாலையில் வந்ததும் கீழ்த்தளத்தின் நடுவிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு, மேலே உட்கார்ந்தபடி முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, பின்பக்கமாகச் சரிவில் இறக்க வேண்டும். மூக்கு வெளியே பார்த்து நிற்கும். முதல் கியரில் போட்டு நிறுத்தினால் உருளாது. காலையில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் பலத்தில் ஏறி வெளியே வரலாம். இழுக்கவே வேண்டாம். அன்றைக்கே பத்துத் தடவை செய்து பார்த்தோம்.

கூடவே இரண்டு பாடம். ஒன்று, ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியைப் பிடிக்காதே, விட்டுவிட்டு நகர்ந்துவிடு. லீவர் முந்நூறு ரூபாய். இரண்டு, விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்குவது. எஞ்சினை அணைத்து, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை இறக்கி, கியரில் போட்டு, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்பக்கக் கம்பி. முதுகை நேராக வைத்துக் காலால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடி வைத்தால் வண்டி எழும். 54 கிலோ ஆள் 181 கிலோவைத் தூக்கியதைப் பெரியவரும் நின்று பார்த்தார். அதற்கப்புறம் 'எதுக்கும்மா' என்று அவர் கேட்கவில்லை. பேனலை மாற்றிக் கொடுத்தோம்.

இரண்டு வண்டி, ஒரே கை

ஆக்டிவாவை வைத்துக்கொண்ட முடிவு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அது எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஸ்கூட்டர், மூன்று நாள் ஹண்டர். மைதானத்தில் கஷ்டப்பட்டு மறக்க வைத்த இடது கையை ஸ்கூட்டர் திரும்பவும் பழக்கியது. நவம்பரில் அவிநாசி சாலையில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது ஹண்டரில் மீண்டும் இடது கை முந்தியது. இந்தத் தடவை வலது கையும் அரை நொடி பிந்திச் சேர்ந்துகொண்டது. ஆட்டோவுக்கும் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம் இருந்தது என்றார்.

இடது கையை மறக்க வைக்கப் பார்ப்பதை அன்றோடு விட்டோம். இரண்டு வண்டிக்கும் பொதுவானது எது என்று யோசித்தோம். வலது லீவர். ஸ்கூட்டரிலும் முன் பிரேக், பைக்கிலும் முன் பிரேக். ஆகவே ஸ்கூட்டரில்கூட வலது கையால் முதலில் பிடித்து, இடதைத் துணைக்கு மட்டும் சேர்க்கச் சொன்னேன். ஊருக்குள் போகும்போது இரண்டு வண்டியிலும் வலது லீவரின் மேல் இரண்டு விரல் எப்போதும் இருக்கும். பைக்கைத் திருத்த ஸ்கூட்டரில் பயிற்சி. ஜனவரியில் மைதானத்தில் மறுபடி கையைத் தூக்கிப் பார்த்தேன்: பத்துக்குப் பத்தும் வலது.

கோத்தகிரி

2025 பொங்கல் விடுமுறையில் முதல் மலைப் பயணம். வால்பாறை வேண்டாம், கோத்தகிரி போதும் என்று முடிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், வளைவுகளும் வால்பாறை அளவுக்கு நெருக்கமில்லை. நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டோம். அவர் முன்னால், நான் பின்னால்.

ஏறும்போது இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. மேலிருந்து அரசுப் பேருந்து. வளைவுக்குள் பேருந்து அகலமாக எடுத்துத்தான் திரும்பும். எதிரில் வருகிறவர் இடம் விட்டாக வேண்டும். அவர் வளைவின் நடுவில், உள்விளிம்பை ஒட்டி நின்றுவிட்டார். கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து. வெளிவிளிம்பு நீண்ட தூரத்தில் ஏறுகிற உயரத்தை உள்விளிம்பு நாலடியில் ஏறிவிடும். சாலையும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

வலது கால் பின் பிரேக்கில் இருந்தது, வண்டி பின்னால் உருளாமல் இருக்க. எடுத்தால் உருளும். எனவே இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். ஊன்றினார். தரை அவர் எதிர்பார்த்ததற்கு ஒரு சாண் கீழே இருந்தது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக இடது பக்கம் போனது. பாடம் நினைவிருந்தது போல. கையை விட்டுவிட்டு வெளியே கால் வைத்தார். கணுக்கால் மட்டும் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கணம் சிக்கியது. ஷூவின் கணுக்கால் பகுதியில் ஆழமான கீறல் விழுந்தது, உள்ளே வீக்கம் மட்டும். செருப்போடு வந்திருந்தால் எலும்பு போயிருக்கும். லெக் கார்டு வண்டியைக் காப்பாற்றியது. பேருந்து நடத்துநர் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார்.

இந்தத் தடவை சீட் உயரம்தான். 765-ஆக இருந்திருந்தால் கால் எட்டியிருக்கலாம். மீட்டியார் பற்றி நான் சொன்னது பாதி சரி, அவர் சொன்னது பாதி சரி என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டோம்.

ஆனால் சீட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் அங்கே நின்றிருக்கவே கூடாது. பேருந்தின் ஹாரன் முன்பே கேட்டது. வளைவுக்கு முன்னால் நேரான இடத்தில் நின்று அது இறங்கும்வரை காத்திருந்திருக்கலாம். எங்கே நிற்பது என்று காட்ட நான் முன்னால் போயிருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அவரைக் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கவனிக்கத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு

ஊருக்கு வந்ததும் காந்திபுரம் பக்கம் ஒரு சீட் கவர் கடையில் கொடுத்து, சீட் ஃபோமை நடுவில் ஒரு இஞ்சும், தொடை படும் ஓரங்களில் கொஞ்சமும் சீவினோம். ஓரங்களைச் சீவியதுதான் அதிகம் உதவியது. கால் நேராக இறங்குகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் இடுப்பு வலிக்கிறது என்பது அதன் மறுபக்கம். அவர் அதற்கு ஒப்புக்கொண்டார்.

ஏப்ரலில் மறுபடி கோத்தகிரி, நான் முன்னால். ஜூலையில் வால்பாறை, தம்பி பின் சீட்டில். இதை எழுதும்போது ஹண்டர் 9,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. கோத்தகிரிக்குப் பிறகு விழவில்லை. ஓடும் வண்டியில் அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. விழுந்த இரண்டு தடவையும் வேகம் பூஜ்யம்.

மறுபடி செய்வதானால்

யூனிகார்னில் ஆறு வாரம், உரிமம் வரும்வரை முன்பணம் இல்லை, இரட்டை ஏபிஎஸ், பாதுகாப்பு உடைகளுக்குத் தனிப் பணம்: இவற்றை அப்படியே வைத்துக்கொள்வேன்.

மாற்றுவது மூன்று. ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஞாயிறே திடீர் பிரேக் பயிற்சி. மூன்றாவது வாரம்வரை காத்திருந்தது தவறு. அதோடு முதல் நாளிலிருந்தே அவர்கள் ஸ்கூட்டரிலும் வலது கைப் பழக்கம். இரண்டாவது, சமதள மைதானத்தில் மட்டும் பழக்கியது. இப்போது ஒரு மேம்பாலத்தின் அணுகுசாலையில், ஞாயிறு விடியற்காலையில், ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதையும் சாய்வான பக்கம் கால் ஊன்றுவதையும் சேர்த்திருக்கிறேன்.

மூன்றாவது பார்க்கிங். யாராவது எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால், சிசி, மைலேஜ் பேசுவதற்கு முன்னால், வண்டி நிற்கப்போகும் இடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன் அனுப்பிய படத்தில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே சாக்கடைமேல் ஒரு பலகை. எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டேன். அவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான்.